தண்ணி பட்டுச்சா, மேடம்?

1

இந்தக் கதை முதலில் ஒரு புகாராகத்தான் தொடங்கியது. கம்பெனியின் செயலியில் 'உங்கள் பிரச்சினையை விவரிக்கவும்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தமிழில் தட்டினால் நாலு வரிக்கு மேல் ஏறாது. நாலாவது வரியில் நான் ஆயுத பூஜைக்கே இன்னும் வந்து சேரவில்லை. மிச்சத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இங்கேதான் கொட்டுகிறேன். நீங்கள் என்ன பாவம் செய்தீர்களோ தெரியாது.

பிரச்சினை இதுதான்: என் மோட்டார் நாற்காலி ஓடவில்லை. பின்னால் ஆள் நின்று தள்ளத் தேவையில்லாத சக்கர நாற்காலி அது. அடியில் பேட்டரி, வலது கைப்பிடியில் ஒரு குச்சி. குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறேனோ அந்தப் பக்கம் போகும். எனக்குத் தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகிற நோய். வலது கை விரல்கள் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன, குச்சிக்கு அது போதும். குச்சி செத்துவிட்டால் என்னை எங்கே வைத்தார்களோ அங்கேயே இருப்பேன். இப்போது வைத்திருப்பது மேலூருக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில்.

புகாராக எழுதாமல் கதையாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புகார் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். கதையென்றால் யாராவது வந்து கேட்கும்போது "அது கதைங்க" என்று கையை விரித்துவிடலாம். கம்பெனியிலும் தமிழ் படிக்கிறவர்கள் இருப்பார்கள் அல்லவா? ஆகவே இப்போதே சொல்லி வைக்கிறேன். இதில் வரும் நாற்காலி கற்பனை, தண்ணீர் கற்பனை, அண்ணன் கற்பனை. அலுப்பைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

2

கதைக்குத் தொடக்கம் எழுதுவதில் எனக்கு இப்போது நல்ல பயிற்சி. கஸ்டமர் கேருக்கு எப்போது போட்டாலும் வேறு யாரோ எடுக்கிறார்கள். "மொதல்லேர்ந்து சொல்லுங்க மேடம்" என்கிறார்கள். முந்தின நாள் சொன்னது யாருக்கும் தெரியாது. ஆகவே தினம் ஒரு தொடக்கம்.

தொடக்கம்: "வணக்கங்க, வீல்சேர் ஆன் ஆகுது, ஆனா நகர மாட்டேங்குது. சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியு—"

"எத்தன தடவ பிளிங்க் ஆகுது மேடம்?"

"எண்ணுறதுக்குள்ள மாறிருதும்மா."

"எண்ணிட்டுக் கூப்பிடுங்க மேடம்." (வைத்துவிட்டார்.)

தொடக்கம், கொஞ்சம் கெத்தாக: "நான் ஒரு எழுத்தாளர். பத்திரிகையில எல்லாம் எழுது—"

"சீரியல் நம்பர் சொல்லுங்க மேடம்."

தொடக்கம், அழுகையாக: "தம்பி, ஒங்க அக்கா மாதிரி நெனச்சு—" [இதை முடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. மறுமுனையில் இருந்த பையனுக்கும் வெட்கமாக இருந்திருக்கும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தோம்.]

தொடக்கம், இலக்கியமாக: 'கால்வாயில் புதுத் தண்ணீர் வந்திறங்கிய ஓர் ஐப்பசிக் காலையில் அந்த நாற்காலி—' [அடித்துவிட்டேன். கால்வாயில் அன்று தண்ணீர் வரவில்லை. அதோடு, இந்தக் கதையில் தண்ணீர் என்ற சொல்லை இவ்வளவு அவசரமாகக் கொண்டுவரக் கூடாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.]

3

எனக்கு ஆகாத வேலையை வேறு யார் தலையிலாவது கட்டலாம் என்று தமிழ்வாணி என்று ஒருத்தியை உண்டாக்கினேன்.

தமிழ்வாணிக்கு நாற்பதை நெருங்கும் வயது. பசுமலையில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை. ஹால் டிக்கெட் எடுப்பது, மார்க் ஏற்றுவது, "பேரு தப்பா வந்திருக்கு மேடம்" என்று வருகிற பிள்ளைகளுக்குத் திருத்திக் கொடுப்பது. கல்லூரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு கீழ்வீட்டு அறையில் வாடகைக்கு இருக்கிறாள். வீட்டுக்காரர் கனகலட்சுமி அக்கா, வாசல்படியை இடித்துச் சிமெண்டில் சரிவு போட்டுக்கொள்ளச் சம்மதித்தவர். இப்போது அந்தச் சரிவில் அவர் தன் ஸ்கூட்டரையும் ஏற்றி நிறுத்துகிறார், அதனால் யார் யாருக்கு உபகாரம் செய்தது என்ற பேச்சே எழுவதில்லை.

காலையிலும் மதியத்திலும் ராத்திரியிலும் ஒரு அம்மா வந்து தமிழ்வாணிக்கு வேண்டியதைச் செய்துவிட்டுப் போவார், அதற்குச் சம்பளம் உண்டு. மற்ற நேரமெல்லாம் அவள் பாடு. ஆபீஸுக்குப் போவாள். டீக்கடை வாசலில் டீ குடிப்பாள். சாயங்காலம் தோன்றினால் கல்லூரி மைதானத்தை ஒரு சுற்று சுற்றுவாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. யாரிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை, யாரும் கூட வர வேண்டியதில்லை, சும்மா ஒரு சுற்று. இந்தக் கதையில் கைவிட்டுப் போகப் போவது அந்தச் சுற்றுதான். வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய லட்சியம் எதையும் நான் இதில் வைக்கவில்லை.

(இதுவரை படித்த தோழி ஒருத்தி, "தமிழ்வாணி ரொம்ப நல்லவளா இருக்காளே, பாத்திரத்துக்கு ஒரு குறை வேணும்ல" என்றாள். "நடக்க முடியாதே, அது பத்தாதா?" என்றேன். "அதெல்லாம் குறையில்லடி" என்றாள், முற்போக்காக. சரி, குறை: தமிழ்வாணிக்குக் கோபம் வரும். 'பாவம்' என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவர்கள் கால் விரலில் சக்கரத்தை ஏற்றிவிட்டு "ஸாரி, தெரியல" என்பாள்.)

ஆயுத பூஜை விடுமுறைக்குத் தமிழ்வாணி நாற்காலியை ஒரு குட்டியானை வேனில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் பெயர் நல்லகாமன். நெல் போடுகிறார், சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிறார். அண்ணன் மனைவி, தமிழ்வாணியின் மதினி, முத்துமீனா.

நல்லகாமனை எழுதும்போதுதான் கை தடுமாறுகிறது. அவருக்குக் கல்யாணம் பேசியபோது, பெண் வீட்டார் வந்த அன்று, தமிழ்வாணியின் பழைய தள்ளு நாற்காலி மாட்டுக் கொட்டத்துக்குப் போனது. தமிழ்வாணி உள்ரூமுக்குப் போனாள். பெரியவர்கள் எடுத்த முடிவு அது. நல்லகாமன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம் மோட்டார் நாற்காலி வந்த பிறகும் யாராவது விருந்தாளி வந்தால் அதன் மேல் ஒரு போர்வை விழுந்துவிடும். யார் போடுகிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

நீங்கள் இப்போது அவரை வில்லன் என்று தீர்மானித்திருப்பீர்கள். நானும் ஒரு வரைவில் அப்படித்தான் எழுதினேன். எழுதச் சுகமாகத்தான் இருந்தது.

4

ஆயுத பூஜை காலை. தமிழ்வாணி குளித்துவிட்டு உள்ரூம் கட்டிலில் படுத்திருக்கிறாள். வெளியில் போர்வெல் மோட்டார் ஓடுகிறது. குழாய்த் தண்ணீர் தகரத்தில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. அண்ணன் டிராக்டர் கழுவுகிறார் என்று தமிழ்வாணி நினைத்து—

இல்லை, இதை அவளை வைத்து எழுத முடியாது. நினைத்தது நான். படுத்திருந்தது நான். தமிழ்வாணியை இங்கேயே இறக்கிவிட்டுவிடுகிறேன், போகட்டும், அவளாவது நடந்து போகட்டும். இனிமேல் 'நான்'தான். இந்த நானும் கற்பனை என்பதை மறந்துவிட வேண்டாம்.

அண்ணனும் மதினியும் ஆளுக்கொரு பக்கமாக என்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். களத்தில் வரிசையாக நிற்கிறது: டிராக்டர், பைக்கு, மருந்தடிக்கிற மெஷின், அதற்குப் பக்கத்தில் என் நாற்காலி. சொட்டச் சொட்ட நிற்கிறது. முதுகுச் சாய்வில் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்குச் சக்கரம் பொட்டு. குச்சியின் தலையில் சின்னதாக ஒன்று. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, செவ்வந்தி மாலை போட்டிருந்தது.

"என்னண்ணே இது?"

"என்ன, என்னங்கிற? இதுவும் நம்ம வீட்டு வண்டிதான பாப்பா. வருசா வருசம் டிராக்டருக்கு மட்டும் போட்டுக்கிட்டு."

மதினி சொன்னார்: "விடியக்காலம் பிடிச்சு ஒங்க அண்ணே அதத்தேன் தேய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. டிராக்டரு மேலகூட இம்புட்டு அக்கறை கெடையாது. சந்து பொந்தெல்லாம் குழாய வச்சு அடிச்சு, அழுக்கு எம்புட்டு வந்துச்சுங்கிற!"

நான் அழுதேன். ஒளிக்க ஒன்றுமில்லை, தேம்பித் தேம்பி அழுதேன். மதினி பதறிப்போய், "தூக்குறப்ப எங்கயும் இடிச்சுப்புட்டமா ஆத்தா?" என்று கையையும் காலையும் தடவிப் பார்த்தார். அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் சூடத்தைக் கொளுத்துவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார். போர்வையைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை.

அப்புறம் என்னை உட்காரவைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "விடு பாப்பா" என்றார். குச்சியைச் சாய்த்தேன். ஓடியது! பழம் நசுங்கியது, கை தட்டினார்கள். மாலையோடும் வாழைக்கன்றோடும் கண்மாய்க் கரை வரைக்கும் போய்விட்டு வந்தேன். வழியில் ஒரு ஆள், "யாரு வீட்டு வண்டி, புதுசா?" என்று கேட்டார். "நல்லகாமன் வீட்டு வண்டி" என்றேன். இந்த வரியை எழுதும்போதும் எனக்குச் சந்தோசமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டு நிறுத்திவிடலாமா என்றுகூட இருக்கிறது.

மறுநாள் காலையில் குச்சியைத் தொட்டதும் சிவப்பு லைட் எரிந்தது. குச்சிக்கு முன்னால் பேட்டரி காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் உள்பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. குச்சிக்கு அடியில் இருக்கும் போர்டுதான் இந்த வண்டிக்கு மூளை. மழைத் தூறல் பட்டால் தாங்கும் என்று கம்பெனிக்காரர்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். போர்வெல் குழாயைப் பற்றி அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அவர்கள் வண்டி செய்கிற வெளிநாட்டில் ஆயுத பூஜை கிடையாது.

"பேட்டரி வீக்கா இருக்கும் பாப்பா, சார்ஜ் போடுவோம்" என்றார் அண்ணன். போட்டார். அடுத்த நாளும் போட்டார். வெயிலில் துளிகள் காய்ந்து போயின. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? 'அண்ணே, நீ மொத மொதலா இத வண்டின்னு சொன்ன, அதுலதான் அது செத்துப்போச்சு' என்றா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? எனக்கு வாய் வரவில்லை.

5

கட்டுரை மாதிரி ஒரு பகுதி. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், எனக்குத் தாண்டிப் போக வழியில்லை.

பைக் கெட்டால் மேலூரில் தெருவுக்கு ஒரு மெக்கானிக். டிராக்டருக்கு ஆள் வீட்டுக்கே வரும். மிக்ஸிக்கு, செல்போனுக்கு, கிரானைட் அறுக்கிற மெஷினுக்குக்கூட ஆள் உண்டு. என் கால்களுக்குச் சென்னையில் இருந்து ஆள் வர வேண்டும். அவரும் எனக்காக மட்டும் வர மாட்டார். "தென் மாவட்டத்துல நாலஞ்சு கம்ப்ளைண்ட் சேந்தாதான் இஞ்சினியர் கெளம்புவாரு மேடம்" என்றாள் போனில் ஒரு பெண்.

நாலஞ்சு சேர்வதற்கு நான் என்ன செய்ய முடியும்? தென் மாவட்டங்களில் மோட்டார் நாற்காலி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. தினமும் அதைத் திறந்து பார்ப்பேன், யாருடைய வண்டியாவது நின்றிருக்கிறதா என்று. ராஜபாளையத்தில் ஒருவருக்குப் பிரேக் விழவில்லை என்று வந்தது. 'அடடா' என்று போட்டுவிட்டு மனதுக்குள் குலவை போட்டேன். திண்டுக்கல்லில் ஒரு அம்மா தன் மகளுடைய வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். வந்த சந்தோசத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கியது. அவர்களும் என் கதையைக் கேட்டு இப்படித்தான் சந்தோசப்பட்டிருப்பார்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் ரொம்ப ஆறுதல்.

இதற்கிடையில் அண்ணன், அருள்பாண்டி என்கிற பேட்டரி ஆட்டோ மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மோட்டார் நல்லாத்தான்க்கா இருக்கு. போர்டுதான் போயிருக்கு. இந்த ஸ்டிக்கரக் கிழிச்சாத்தான் உள்ள பாக்க முடியும். கிழிக்கவா?"

"கிழிச்சா வாரண்டி போயிரும் தம்பி."

"அப்ப போர்டு மட்டும் எங்கயாச்சும் வாங்கிக் குடுங்க, மாட்டித் தாரேன்."

"வெளி ஆளுக்கு விக்க மாட்டாங்களாம்."

"அப்பறம் என்னக்கா பண்ணச் சொல்றீங்க?" என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டார். காப்பியைக் குடித்துவிட்டு, சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுவிட்டுப் போனார்.

6

[இந்தப் பகுதியில் என்னைத் தூக்குவது பற்றி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு, கழிப்பறையிலிருந்து கட்டிலுக்கு. திரும்பப் படித்தபோது படிக்கிறவர்கள் 'பாவம்' என்று உச்சுக்கொட்டுகிற மாதிரி வந்திருந்தது. ஒரு விசயத்தை மட்டும் விட்டுவைக்கிறேன்: தூக்கச் சொல்லிக் கூப்பிட வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். மதினிக்கு இடுப்பு வலி. அவர் சொல்ல மாட்டார், ராத்திரி தைலத்தின் வாசனை வரும்.]

கனகலட்சுமி அக்கா போன் செய்தார். "எப்பம்மா வாரே? நான் ஒண்ணும் அவசரப்படுத்தல. நர்சிங் படிக்கிற பிள்ளைக ரூம் கேட்டு வந்துக்கிட்டே இருக்குதுக. நீ வாரேன்னு ஒரு வார்த்த சொன்னா வச்சிருப்பேன்."

"வாரேன்க்கா."

"வண்டி சரியாயிருச்சா?"

"ஆயிரும்க்கா."

ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். செமஸ்டர் பரீட்சை தொடங்கப் போகிறது. அதுவரை பார்ப்பார்களாம், அதற்குள் வராவிட்டால் தற்காலிகமாக ஒரு பிள்ளையைப் போடுவார்களாம். நான் வேலை செய்கிற இடத்தில் தற்காலிகம் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படித்தான் உள்ளே போனேன்.

அண்ணன் கட்டிலோரத்தில் வந்து உட்கார்ந்தார். "எதுக்கு பாப்பா பசுமல, வாடக? இங்க நாங்க இல்லையா? சோத்துக்கா பஞ்சம்?" என்றார். நிஜமான பிரியம் அது. எனக்குப் பயம் வந்தது. அறை போய், வேலையும் போய்விட்டால் இந்தக் கட்டில்தான், இந்த ஜன்னல்தான், விருந்தாளி வந்தால் உள்ரூம்தான். இங்கே யாரும் என்னைக் கொடுமைப்படுத்த மாட்டார்கள். வேளைக்குச் சோறு வரும். நான் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரவும் முடியாது.

7

கடைசியில் நாலஞ்சு சேர்ந்துவிட்டது. முகேஷ் என்கிற இஞ்சினியர் வருவதற்கு முந்தின நாள் ராஜபாளையத்திலிருந்து போன் செய்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுக் குரல். பின்னால் வண்டிச் சத்தம், குரலில் அலுப்பு.

"மேடம், ஒரு போர்டு கையில இருக்கு. வாரண்டிக்குள்ள வந்துச்சுன்னா நாளைக்கே மாத்திட்டுப் போயிருவேன். ஒங்க பழைய போர்டு சீல் வச்ச பீஸ், நாங்க தொறந்து பாக்குறதில்ல. கஸ்டமர் சொல்றத வச்சுத்தான் எழுதணும். அதனால கேப்பேன், தப்பா நெனைக்காதீங்க: தண்ணி பட்டுச்சா மேடம்?"

"நேர்ல வாங்க தம்பி."

"பட்டிருந்தா இந்தப் போர்ட நான் தர முடியாது. வெளிநாட்டுலேருந்து வரணும், எப்ப வரும்னு எனக்கே தெரியாது. சேலத்துல ஒருத்தர் போன வருசத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்காரு."

ஆக, நாளைக்கு நான் அவனிடம் ஒரு கதை சொல்ல வேண்டும். நான் எழுதிய கதைகளிலேயே ரொம்பச் சின்னது. 'பட்டது' அல்லது 'படவில்லை.' உட்கார்ந்து முடிவுகளை எழுதிப் பார்த்தேன். உட்காரவைக்கப்பட்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அருள்பாண்டி எங்கிருந்தோ ஒரு போர்டைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார், கம்பெனி முகத்தில் கரி. உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். போர்டு எங்கேயிருந்து வந்தது என்று அருள்பாண்டியே கேட்பார்.

இன்னொரு முடிவு: 'படவில்லை' என்கிறேன். வண்டி ஓடுகிறது. பசுமலை. அண்ணனுக்கு எதுவும் தெரியாது. சுபம். இதற்குத்தான் ஆசை. ஒரே ஒரு ஏற்பாடு தேவை, முகேஷ் வரும்போது அண்ணன் வீட்டில் இருக்கக் கூடாது.

இன்னொன்று: 'பட்டது' என்கிறேன். உண்மையை நிலைநாட்டிவிட்டு இந்தக் கட்டிலிலேயே— [வேண்டாம். இதை எழுத எனக்குத் தெம்பில்லை. நேர்மை பேசுகிறவர்கள் யாராவது வந்து எழுதிக்கொள்ளட்டும்.]

அண்ணனிடம், "நாளைக்கு உரம் வாங்கப் போறேன்னியேண்ணே, போயிட்டு வந்துரேன்" என்றேன்.

"அது கெடக்கு. அந்தத் தம்பி வழி தெரியாம முழிக்கும். நான் மேலூர் பஸ் ஸ்டாண்டுல போயி ஏத்திக்கிட்டு வாரேன்."

எழுதுகிறவள் நான்தான். ஆனால் பாத்திரம் நான் சொன்னதைக் கேட்கவில்லை.

8

அண்ணனே பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். முகேஷ் ஒல்லியாக இருந்தான், முதுகில் பெரிய பை. மதினி மோர் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தான். பையைத் திறந்து அட்டைப் பெட்டியிலிருந்து போர்டை எடுத்துத் தரையில் விரித்த துணியில் வைத்தான். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அண்ணன் குனிந்து பார்த்து, "இம்புட்டுக்காணுதானா? இதுக்கா இம்புட்டு நாளு?" என்றார்.

முகேஷ் மடியில் அட்டையை வைத்து, கம்பெனிப் படிவத்தில் எழுதத் தொடங்கினான். பெயர், ஊர் என்று எழுதிக்கொண்டே வந்து பேனா நின்றது. அப்புறம் என்னைப் பார்த்து, "தண்ணி பட்டுச்சா மேடம்?" என்றான்.

நான் வாயைத் திறந்தேன்.

"பட்டுச்சாவா?" என்று அண்ணன் சிரித்தார். "நான்தான் தம்பி கழுவுனேன்! ஆயுத பூசைக்கு. போர்வெல் குழாயப் பிடிச்சு, சந்து பொந்து விடாம. நீங்க வந்து பாத்திருக்கணும், பளபளன்னு இருந்துச்சு. மாலையெல்லாம் போட்டு, வாழைக்கன்னு கட்டி... போட்டோ இருக்கு, காட்டவா?"

செல்போனை எடுத்தார். முகேஷ் எழுதுவதை நிறுத்திவிட்டான். தரையில் இருந்த போர்டை எடுத்து, திரும்ப அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். மெதுவாகத்தான் செய்தான், அவனுக்கும் பிடித்துச் செய்கிற வேலையாகத் தெரியவில்லை.

"என்ன தம்பி, உள்ள வைக்கிறீங்க?"

"தண்ணி போனா வாரண்டில வராதுண்ணே. அதுலதான் போர்டு போயிருக்கு. இத நான் மாட்ட முடியாது."

"எந்தத் தண்ணி?"

முகேஷ் என்னைப் பார்த்தான். அண்ணனும் என்னைப் பார்த்தார். நான் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. ஒரு மனிதர் தான் செய்ததைத் தெரிந்துகொள்கிற முகத்தை நான் பார்த்தேன். அதை எழுதச் சொல்லாதீர்கள். போட்டோ தெரிந்துகொண்டிருந்த செல்போனை அவர் சட்டென்று வேட்டி மடிப்புக்குள் செருகினார்.

"நாங் கழுவல தம்பி" என்றார்.

"இப்பதானண்ணே சொன்னீங்க?"

"டிராக்டரச் சொன்னேன். பைக்கச் சொன்னேன். வண்டிகளத்தான கழுவுவாக?" குரல் ஏறியது. என் அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை, பழக்கமில்லாதவர்கள் சத்தமாகத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. "இத எதுக்குத் தம்பி கழுவப்போறேன்? இது என்ன வண்டியா? இது சும்மா வீட்டுக்குள்ள கெடக்குற சேரு. யாராச்சும் வந்தா போர்வையப் போட்டு மூடி வைப்போம். கேட்டுப் பாருங்க, எங்க வீட்டுல எல்லாரயும் கேட்டுப் பாருங்க."

மதினி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முகேஷ் பெட்டியைப் பைக்குள் வைக்கப் போனான். அப்புறம் அதைத் திரும்பத் துணி மேல் வைத்தான், மூடியபடியே.

"நான் ஒரு பதிலத்தான் எழுத முடியும்" என்றான். "சேரு அண்ணனோடது இல்ல, ஒங்களோடது. நீங்க சொல்லுங்க மேடம்."

9

இங்கே நிறுத்துகிறேன்.

நான் என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், எவ்வளவு கேட்டாலும். எழுதிப் பார்க்காமல் இல்லை. 'ஆமா தம்பி, அண்ணே டிராக்டரத்தான் சொல்லுது' என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியில் நான் பசுமலைக்குப் போய்விட்டேன், கனகலட்சுமி அக்கா ரூமைத் திறந்துவிட்டார், மைதானத்தை ஒரு சுற்று சுற்றினேன். ஆனால் அந்த வரி இருந்தால் அந்தக் காலை நடக்கவில்லை. வாழைக்கன்று இல்லை, 'நல்லகாமன் வீட்டு வண்டி' இல்லை. என் நாற்காலி போர்வைக்கு அடியில்தான் இருந்தது. அதைச் சொல்லி எனக்கு வழிவிட்டதும் அதே அண்ணன்தான். 'இல்ல தம்பி, கழுவுச்சு' என்று இன்னொரு வரியும் எழுதினேன். அதில் அந்தக் காலை பத்திரமாக இருந்தது, நான் கட்டிலில் இருந்தேன். அண்ணன் மட்டும் வீட்டில் இருக்கவில்லை. எழுந்து வயல் பக்கம் போய்விட்டார்.

இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்கு முடியவில்லை, உண்மையாகவே அலுத்துவிட்டது.

முகேஷ் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அவனுக்கு அடுத்து திண்டுக்கல் போக வேண்டும். அண்ணன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு நேரம் கூடவே இருந்தீர்கள், எல்லாவற்றையும் பார்த்தீர்கள். என்னைக் கேட்டதை நான் உங்களைக் கேட்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆயுத பூஜையன்று காலையில் என் அண்ணன் எத்தனை வண்டி கழுவினார்?